எத்தனை திரும்பி வருது?

கச்சேரி முடிந்த ராத்திரி அப்பாவிடமிருந்து போன் வரும். எப்படி வாசித்தீர்கள், கூட்டம் எப்படி என்றெல்லாம் அவர் இதுவரை கேட்டதில்லை. "எத்தனை திரும்பி வருது?" என்பார். எங்கள் இசைக்குழுவின் பெயர் போட்டு விற்பதற்காக அட்டைப் பெட்டிகளில் கட்டி எடுத்துக்கொண்டு போன சரக்கில் விற்காமல் எத்தனை வீட்டுக்குத் திரும்புகிறது என்று அர்த்தம்.

அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். நெசவாளர்களுக்குப் பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழை) நூலும் கொடுத்து, சேலையாக வாங்கி, ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டவர். துணி மூட்டைக்கு நடுவில் வளர்ந்த நான் அந்த வாசனையே வேண்டாம் என்று ஓடிப்போய்க் கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஓடி ஓடி, இப்போது கச்சேரி நடக்கிற இடத்தில் மேஜை போட்டுத் துணி விற்கிறேன். இதில் அப்பாவுக்கு இருக்கிற சந்தோஷத்தை அவர் மறைப்பதுகூட இல்லை.

எங்கள் குழுவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும். ஐந்து பேர். சொந்தப் பாட்டு. "பேண்டு வெச்சிருக்கோம்" என்று சேலத்தில் சொன்னால், கல்யாண ஊர்வலத்துக்கு என்ன ரேட் என்று கேட்பார்கள். அதனால் "குழு" என்றே சொல்லப் பழகிவிட்டோம். எல்லோருமே ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் இருந்தவர்கள்தான். ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டித் தெருவுக்குத் தெரு மேடை. விடிய விடிய சினிமாப் பாட்டு. அந்தக் காசில்தான் முதல் கீபோர்டு வாங்கினேன்.

சொந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு ஆடி மாதம் கிடையாது. ஒரு கல்லூரி விழா, ஏற்காட்டில் ஒரு விடுதி மாலை என்று மாதம் இரண்டு நிகழ்ச்சி கிடைத்தால் பெரிது. ஒரு நிகழ்ச்சிக்கு 30,000 ரூபாய் பேசுகிறோம். அதில் வேனுக்கு 4,500, டிரம்ஸ் வாடகை 3,000, சாப்பாடு 1,500 போனால் ஆளுக்கு 4,200 நிற்கும். இணையத்தில் பாட்டுப் போட்டால் காசு கொட்டும் என்று நினைக்கிற சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. போன வருஷம் எங்கள் பாட்டு ஒன்று எல்லாச் செயலிகளிலும் சேர்த்து 41,000 தடவை ஒலித்தது. வந்த பணத்தில் இரண்டு செட் கிட்டார் கம்பி வாங்கினோம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதி வேறு: முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. எங்கள் ஒன்பது பாட்டில் நான்கு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன.

சரி, மெர்ச் போடலாம் என்றான் டிரம்மர். குழுவின் பெயர் போட்ட பொருள்களை விற்பதற்கு அந்தப் பெயர். வெளியூர்க் குழுக்கள் எல்லாம் போடுகின்றன. டி-ஷர்ட், தொப்பி, ஸ்டிக்கர். அப்பாவுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. "சரக்குன்னு சொல்லுடா" என்றார். ஒரு தடவை எங்கள் பாடகி மேடையில் மைக்கைப் பிடித்து, "வெளியில நம்ம சரக்கு இருக்கு, போகும்போது வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். கல்லூரிப் பையன்கள் எழுப்பிய ஆரவாரம் அன்று எந்தப் பாட்டுக்கும் கிடைக்கவில்லை. கல்லூரி முதல்வர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் தடவை செய்த தப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதே தப்பைச் செய்யப்போகிற யாராவது ஒருவர் படிப்பார்.

சேலத்துக்காரனுக்கு டி-ஷர்ட் என்றால் திருப்பூர்தான். ரயிலேறினால் இரண்டு மணி நேரம். காதர்பேட்டையில் இறங்கி நடந்தால் பனியன் துணி தெரு முழுக்க அடுக்கிக் கிடக்கும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனமுள்ள துணி), கருப்பு, வட்டக் கழுத்து, 100 உருப்படி. ஒன்று 165 ரூபாய். மூன்று வண்ணத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் 55. உறை, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 20. ஆக ஒன்றுக்கு 240, மொத்தம் 24,000. ஐந்து பேரும் கைக்காசு போட்டோம். 450 ரூபாய்க்கு விற்றால் 54 விற்றதும் போட்ட முதல் வந்துவிடும், மிச்சம் 46 லாபம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு மகிழ்ந்தோம்.

எட்டு மாதத்தில் விற்றது 47. கைக்கு வந்தது 21,150. பெட்டியில் 53 உட்கார்ந்திருந்தது.

ஏன் என்று யோசித்தால் ஒன்றல்ல, நாலைந்து காரணம். கருப்பு. சித்திரை வெயிலில் சேலத்தில் கருப்பு டி-ஷர்ட் போட்டு வெளியே போக யாருக்கு மனசு வரும்? கோயில் விழா ஒன்றுக்கு எல்லோரும் அதையே போட்டுக்கொண்டு போய் நின்றபோது, விழாக் குழுப் பெரியவர், "யாருக்குப்பா கண்டனம்?" என்று கேட்டார். அப்புறம் அளவு. எஸ், எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல் ஐந்திலும் இருபது இருபது என்று சமமாக வாங்கியிருந்தோம். எல்லும் எக்ஸெல்லும் முதல் மூன்று நிகழ்ச்சியில் காலி. எஸ்ஸும் டபுள் எக்ஸெல்லும் அப்படியே. கேட்டு வந்தவனிடம் "எல் இல்லீங்க, டபுள் எக்ஸெல் இருக்கு" என்று சொல்வதும், "ஸ்டாக் இல்லை" என்று சொல்வதும் ஒன்றுதான். இன்னொன்று, கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆண்களுக்கு வெட்டிய அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு விற்க எங்கள் மேஜையில் எதுவுமே இல்லை என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆயிற்று. ஐந்து பேரில் ஒருத்தி பெண். அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, பிரிண்ட் உரிந்தது. நான்காவது சலவையில் எங்கள் லோகோ சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்தது. பிளாஸ்டிசால் மையை அச்சடித்த பிறகு 160 டிகிரி வாக்கில் சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். அவசரத்தில் அந்தச் சூடு சரியாக ஏறாவிட்டால் கைக்கு உலர்ந்த மாதிரிதான் இருக்கும். துவைத்தால் வண்டவாளம் தெரியும். அச்சடித்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். முதல் சட்டையை வாங்கி மூன்று தடவை துவைத்துப் பார்க்காமல் முழுப்பணத்தையும் கொடுத்தது நாங்கள். வாங்கியவர்களில் ஆறு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பேசாமல் பணத்தைக் கொடுத்தோம். மீதிப் பேர் பேசாமல் அதைத் தரை துடைக்கப் போட்டிருப்பார்கள்.

அப்பா அந்தப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தார். ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், விரலால் தையலை இழுத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"யாருக்குன்னு தெரியாமயே பாவு ஓட்டிட்டீங்க சாமி."

அவர் தொழிலில் அது பெரிய வசவு. தறியில் பாவு ஏற்றும் முன்பே இந்தச் சேலை எந்தக் கடைக்கு, எந்தப் பண்டிகைக்கு, எந்த நிறத்துக்கு அங்கே மவுசு என்று தெரிந்திருக்க வேண்டும். நூறு வாங்கினால் விலை குறைகிறது என்பதற்காக நூறு வாங்குவது வியாபாரம் தெரியாதவன் வேலை. "சல்லிசா வாங்கி அட்டத்துல போட்டா அது சல்லிசில்ல" என்றார். அந்த 53இல் டபுள் எக்ஸெல் ஒன்றை எடுத்து அன்றைக்கே போட்டுக்கொண்டார். இன்றும் வீட்டில் அதுதான் அவருக்கு. நெஞ்சில் லோகோ முக்கால்வாசி போய்விட்டது.

அவர் சொல்லித்தான் துண்டுக்கு வந்தோம். துண்டுக்கு எஸ், எம், எல் கிடையாது. ஆண், பெண் கிடையாது. கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. நம் ஊரில் துண்டு இல்லாத தோள் உண்டா, வண்டி உண்டா, ஜிம் பை உண்டா? கச்சேரியில் ஆடுகிறவன் அதைத் தலைக்கு மேலே சுற்றுவான்; நாங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஈரோட்டுச் சந்தையில் நல்ல ஈரிழைத் துண்டு 70 ரூபாய்க்குக் கிடைத்தது.

நிறம் தேர்ந்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. சிவப்பு என்றால் ஒரு கட்சி. பச்சை என்றால் விவசாய சங்கம். மஞ்சளுக்கு ஒரு கட்சி, நீலத்துக்கு ஒரு கட்சி, காவிக்குச் சொல்லவே வேண்டாம். வெள்ளை போட்டால் ஊர்ப் பெரிய மனுஷன். இரண்டு நிறம் சேர்த்தால் கொடி ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எந்தச் சாயமும் இல்லாத துண்டு ஒன்றைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஏற்காட்டுக்கும் பொருத்தம், அழுக்கும் தெரியாது.

பெயரை அச்சடிக்கவில்லை, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டோம். ரவிக்கைக்குப் போடுகிறவரிடமே போனோம். அங்கே கணக்கு வேறு: வண்ணத்துக்குக் காசில்லை, தையல் எண்ணிக்கைக்குத்தான் காசு. எங்கள் லோகோ 9,000 தையல் என்று திரையில் காட்டினார். நிழல், கோடு, அலை எல்லாவற்றையும் வெட்டி எறிந்து 3,000க்குக் கொண்டுவந்தோம். ஒன்றுக்கு 18 ரூபாய். வெட்டிய பிறகு லோகோ நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நாக்குச் சின்னத்தைப் பாருங்கள். 1970இல் ஜான் பாஷ் என்ற ஓவியக் கல்லூரி மாணவர் 50 பவுண்டுக்கு வரைந்து கொடுத்தது. தையலில் போட்டாலும் நாக்கு, ரப்பர் முத்திரையில் போட்டாலும் நாக்கு. அவருக்குப் பின்னால் கூடுதலாகப் பணம் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்காது. எங்களுக்கு வரைந்து கொடுத்த பெண்ணோடு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வரைந்ததற்கு இவ்வளவு, அது போட்டு விற்கிற ஒவ்வொரு உருப்படிக்கும் 5 ரூபாய். அதிகம் இல்லை. ஆனால் மாதாமாதம் அவள் போனில் எங்கள் பெயர் வந்து விழுகிறது.

துண்டு, தையல், உறை 4 ரூபாய் எல்லாம் சேர்த்து 92. அவளுக்கு 5. ஆக 97 அடக்கம், 180க்கு விற்கிறோம்.

இரண்டாவது பொருள் பாட்டுப் புத்தகம். இதை நானேதான் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன். அம்மாவின் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருக்கிறது. தியேட்டர் வாசலில் விற்பார்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருக்கும். டி. ஆர். சுந்தரம் 1935இல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இங்கே ஏற்காடு சாலையில்தான் இருந்தது. இப்போது அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. மலைக்கு வாசிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறோம். அதற்கும் முன்னால் குஜிலிப் பாட்டுகள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து, சுதந்திரப் போராட்டம் என்று ஊரில் எது நடந்தாலும் உடனே சிந்து கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடிக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்கள். பாட்டு எல்லோர் காதிலும் இலவசமாக விழுந்தது. காசு தாளுக்கு வந்தது. மெர்ச் என்பது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எங்கள் புத்தகம் 16 பக்கம். ஒன்பது பாட்டின் வரிகள், இரண்டு பாட்டுக்குக் கிட்டாரில் வாசிக்கக் கார்டு எனப்படும் ஸ்வரக் கூட்டுகள், நடுப்பக்கத்தில் ஒரு படம், கேட்பதற்கு ஒரு க்யூஆர் கட்டம். கடைசிப் பக்கத்தில் "மீதியை மேடையில் கேட்க". ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் மிஷினை ஓட்டத் தயார் செய்வதற்கும்தான் செலவு. அதன் பிறகு தாள் விலை மட்டும். 500 பிரதிக்கு 4,500 ரூபாய், 1,000 பிரதிக்கு 6,200. ஆயிரமே போடலாம் என்று கை துறுதுறுத்தது. "கரையானுக்கா அச்சடிக்கற?" என்றார் அப்பா. 500 போட்டோம். ஒன்று 9 ரூபாய் அடக்கம், விலை 30. டி-ஷர்ட்டுக்கு முன்னால் தயங்கி நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை வாங்கிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேத்திக்கு வாங்கிக்கொண்டு, "எழுத்துப் பெருசா போட்டிருக்கக் கூடாதா கண்ணு" என்றார். அடுத்த பதிப்பில் பெரிதாக்கினோம்.

மூன்றாவதை விற்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் எத்தனை என்று எண்ணி முடியாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற என் பள்ளித் தோழன் ஒருவன், பித்தளைச் சலங்கை மணி மூன்றைக் கோத்து ஒரு சாவிக்கொத்து செய்து கொடுத்தான். எங்கள் பாட்டு ஒன்றில் இடையில் தாளம் நின்று வெறும் குரல் மட்டும் போகிற இடம் உண்டு. அங்கே பாடகி அந்தச் சாவிக்கொத்தை மைக்குப் பக்கத்தில் குலுக்கினாள். இறங்கி வந்ததும் பத்துப் பேர் "அது எங்கங்க கிடைக்கும்?" என்று கேட்டார்கள். அடக்கம் 28, விலை 60. இப்போது அந்த இடம் வந்தால் கூட்டத்தில் அங்கங்கே சலங்கை கேட்கிறது. கொரியக் குழுக்களின் ரசிகர்கள் கையில் விளக்குக் கோல் பிடித்துக்கொண்டு அரங்கத்தையே மினுக்குகிறார்களே, அது மாதிரி, அம்மாப்பேட்டை அளவுக்கு. டிரம்மருக்குத்தான் கோபம். "எவனும் தாளத்துல குலுக்க மாட்டேங்கறான்."

மேஜையை எங்கே போடுவது என்பதில் இருக்கிற சூட்சுமம் எந்தப் பொருளிலும் இல்லை. முதலில் மேடைக்குப் பக்கத்திலேயே போட்டோம். ஸ்பீக்கருக்கு முன்னால் விலை சொன்னால் யார் காதில் விழும்? இப்போது வெளியே போகிற வழியில், வண்டி நிறுத்துமிடத்துக்கு முன்னால், ஒரு நல்ல விளக்குக்குக் கீழே போடுகிறோம். விலையைக் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதிவிட வேண்டும். "எவ்வளவு" என்று கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். 179, 299 என்ற விளையாட்டெல்லாம் வேண்டாம், ஒரு ரூபாய்க்கு எங்கே போவது? கடைசிப் பாட்டு முடிந்ததிலிருந்து கால் மணி நேரம்தான் மொத்த வியாபாரமும். அதற்குப் பிறகு கடைசி பஸ் நினைப்பு வந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் பாடினவள் வியர்வையோடு மேஜைக்குப் பின்னால் நிற்க வேண்டும். கேபிள் சுருட்டுவது அப்புறம்.

இதற்குத்தான் எங்களுக்கு மனசு வரவில்லை. வாசிக்கிறவன் கல்லாவில் உட்காரலாமா? மெல்லிசைக் குழுவில் எங்களை வளர்த்தவர்கள் மேடையை விட்டு இறங்கினால் நேராக வேனுக்குப் போவார்கள். நான் முதல் இரண்டு நிகழ்ச்சியில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையின் கணவரை உட்கார வைத்திருந்தோம். அவர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்தார். மூன்றாவது நிகழ்ச்சியில் அவர் வரவில்லை, நான் நின்றேன். அன்றைக்கு விற்றது முந்தைய இரண்டுக்கும் சேர்த்து விற்றதைவிட அதிகம். வாங்க வருகிறவருக்குத் துண்டைவிட, அந்த மூன்றாவது பாட்டில் நடுவில் வந்த அது என்ன என்று கேட்கத்தான் ஆசை. பேசிவிட்டுச் சும்மா போக அவருக்கும் மனசு வராது.

இதற்கெல்லாம் ஒரு ராத்திரிக் கணக்குச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு மாலை. துண்டு 34, ஒன்றுக்கு 83 வீதம் 2,822. புத்தகம் 52, 21 வீதம் 1,092. சலங்கை 40, 32 வீதம் 1,280. மொத்தம் 5,194 ரூபாய் லாபம். ஆளுக்குக் கிடைத்த சம்பளத்தைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் அதிகமாக அந்த மேஜை சம்பாதித்தது. மேஜையின் பங்கை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தனிக் கணக்கு. அடுத்த இரண்டு பாட்டின் ஒலிப்பதிவு அதில்தான் நடந்தது.

அதே ராத்திரி மலை மேலே சிக்னல் படுத்துக்கொண்டது. யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பதினொரு பேர் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டு, "கீழ போய் அனுப்புங்க" என்று சரக்கைக் கொடுத்துவிட்டோம். ஒன்பது பேர் அனுப்பினார்கள். ஒருவர் நாலு நாள் கழித்து மன்னிப்போடு 20 ரூபாய் சேர்த்து அனுப்பினார். இன்னொருவர் இன்னும் மலையிலேயே இருக்கிறார் போல. இப்போது சில்லறையாக 2,000 ரூபாய் எடுத்துப் போகிறோம். க்யூஆர் யார் பெயரில் என்பதும் முக்கியம். முதலில் டிரம்மரின் மனைவி கணக்குதான். பணம் அனுப்புகிறவர் திரையில் யாரோ ஒரு பெண் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார். அந்த அம்மாவும் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்கும் எங்களுக்கும் வந்த பணத்தைப் பிரிக்க முடியாமல் கையை விரித்தார்.

இடத்துக்காரர் பங்கு பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மலையில் இன்னொரு விடுதியில் மேஜையெல்லாம் போட்ட பிறகு மேலாளர் வந்து, விற்பனையில் 25 சதவீதம் எங்களுக்கு என்றார். 25தானே என்று நானும் தலையாட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், பங்கு எடுப்பது விலையில், லாபத்தில் அல்ல. 180 ரூபாய்த் துண்டில் அவருக்கு 45. எங்கள் 83 அங்கேயே 38 ஆகிவிட்டது. வாடகை இல்லை, ஆள் இல்லை, சரக்கு இல்லை, அவருக்கு 45. வெளிநாடுகளில் இது பழைய சண்டை. பிரிட்டனில் இப்படிப் பங்கு கேட்காத அரங்குகளின் பட்டியல் ஒன்றையே 2022இல் இசைக்கலைஞர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். கச்சேரிகள் நடத்துகிற லைவ் நேஷன் நிறுவனம் 2023இல் அமெரிக்காவில் தன் சிறிய கிளப்புகளில் பங்கு எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. பீட்டில்ஸ் குழுவே 1960களில் தங்கள் பெயர் போட்ட பொருள்களின் உரிமையைக் கொடுத்தபோது வெறும் 10 சதவீதம் தங்களுக்கு, 90 வாங்கினவருக்கு என்று கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள், பின்னால்தான் மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இப்போது நிகழ்ச்சி பேசும்போதே "மேஜைக்கு 500 ரூபாய் வாடகை தருகிறோம், பங்கு கிடையாது" என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுகிறோம். பாதிப் பேர் அந்த 500கூடக் கேட்பதில்லை.

சட்ட விஷயம் இரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஒன்று, சினிமாப் பாட்டு வாசிக்கிற குழுக்கள் நடிகர் படத்தையோ சினிமாப் பாட்டு வரியையோ சட்டையில் போட்டு விற்பது. சட்டென விற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரி எழுதினவருக்கு உரிமை இருக்கிறது. நடிகரின் பெயருக்கும் முகத்துக்கும்கூட உரிமை இருக்கிறது என்று 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு, ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு வருஷ வரவு 40 லட்சம், எங்களைப் போல வாசித்தும் சம்பாதிக்கிறவருக்கு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டியதில்லை. அந்தக் கவலை எங்களுக்கு அடுத்த பிறவியில்தான் வரும். ஆனால் பெங்களூரில் இருக்கிற ரசிகருக்கு ஒரே ஒரு துண்டு கூரியரில் விற்றாலும், வெளிமாநில விற்பனை என்பதால் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். அதனால் இப்போதைக்கு வெளிமாநிலத்துக்காரர்களிடம், சேலம் பக்கம் வந்தால் சொல்லுங்கள் என்கிறோம்.

டி-ஷர்ட்டை முழுதாக விடவும் இல்லை. ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போன மார்கழியில் வாட்ஸப் குழுவில் படம் போட்டு, வேண்டும் என்பவர்கள் அளவும் பெயரும் சொல்லிப் பாதிப் பணம் அனுப்பச் சொன்னோம். பத்து நாள் கெடு. 36 பேர். அதில் 15 பேர் பெண்கள். அவர்களுக்குத் தனி வெட்டு. நிறம் சாம்பல். ஒரு மாதிரியை மூன்று தடவை துவைத்த பிறகுதான் மீதியை அச்சடிக்கச் சொன்னோம். உருப்படி குறைவு என்பதால் அடக்கம் 290 ஆகிவிட்டது, விலை 500. லாபம் 7,560. 240க்கு அடங்கிய 100 சட்டையில் நஷ்டம். 290க்கு அடங்கிய 36இல் லாபம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் டிவியை விட்டுத் திரும்பவில்லை. "திரும்பி வந்தது?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். சத்தத்தைக் குறைத்தார்.

போன வாரம் மறுபடி ஏற்காடு. ஏரிப் பக்கம் திறந்தவெளி. ஏழு மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஸ்பீக்கருக்கு மேலே தார்ப்பாய் போட்டோம், மேஜைக்குப் போட மறந்துவிட்டோம். கூட்டம் குளிருக்குத் துண்டை வாங்கிக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. முடித்துக் கட்டிக்கொண்டு இறங்கும்போது மணி பதினொன்று. இருபது கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவதிலோ போன் அடித்தது.

"எத்தனை திரும்பி வருது?"

"ஏழு துண்டுங்கப்பா. புத்தகம் பத்தோ பன்னெண்டோ இருக்கும்."

"மலையில பனி இருந்திருக்குமே. துண்டு நமுத்துப் போச்சா?"

தடவிப் பார்த்தேன். நமுத்துத்தான் இருந்தது.

"பெட்டியோட வெக்காத. வந்ததும் கொடியில விரிச்சுப் போட்டுட்டுப் படு" என்று வைத்துவிட்டார்.